கடலடியில் இருப்பவர்களுக்குக் குடிதண்ணீர்

என் வீட்டுக்காரர் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவர். இதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் முதலில் கேட்பது, "உள்ள இருந்து பாத்தா மீனெல்லாம் தெரியுமாங்க?" என்பதுதான். தெரியாது. அதில் ஜன்னலே கிடையாது. கல்யாணமான புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். மீன் பார்க்கவேண்டுமென்றால் லீவு போட்டு மரக்காணம் மார்க்கெட்டுக்குத்தான் வரவேண்டும் என்று சொன்னார். அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர் கடலுக்கு அடியில் இருந்த வருஷங்களில் நான் மரக்காணத்தில் உப்பளத்து வரப்பின்மேல் இருந்தேன். அப்பா விட்டுப்போன பாத்திகள். எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. பொம்பளை என்ன உப்பளம் பார்க்கப்போகிறாள் என்று சொன்னவர்கள் எல்லோரும் பிறகு என்னிடமே உப்பு வாங்கிப்போனார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவர் லீவில் வருவார், கறியும் மீனும் தின்பார், தூங்குவார், போய்விடுவார். அந்த அளவுக்கு யாரோடும் குடித்தனம் நடத்திவிடலாம். ஓய்வு பெற்று ஒரேயடியாக வீட்டுக்கு வந்த பிறகுதான் எப்படிப்பட்ட ஆளுக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது.

முதலில் தண்ணீர். நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தால் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் வந்து மூடுவார். அரை வாளியில் குளித்துவிட்டு மிச்சம் வேறு வைப்பார். கப்பலில் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தானாம், குளியல் என்பது கரைக்கு வந்த பிறகு நடக்கிற விசேஷமாம். அடுத்தது கதவு. இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போனால் பின்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது சத்தம். என் கையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு நழுவினால் போதும், மனுஷன் எழுந்து நின்றுவிடுவார். கடலுக்கு அடியில் ஒரு ஸ்பூன் விழுந்தாலும் தூரத்தில் இருக்கிற எதிரிக்குக் கேட்டுவிடும் என்பார். "இங்க எதிரி யாருங்க?" என்று கேட்பேன். பார்வை என்மேல்தான் இருக்கும்.

உப்பளத்துக்கு வந்தபோதுதான் எங்களுக்குள் ஒரு ஒத்துமை தெரிந்தது. பாத்தித் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க என்னிடம் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தண்ணீரில் விட்டால் மிதக்கும், உப்பு ஏற ஏறத் தலையைத் தூக்கும். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர் குழந்தை மாதிரி சிரித்தார். "நானும் இதுதான், நீயும் இதுதான்" என்றார். மழைக்குப் பிறகு ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீரால் வங்காள விரிகுடாவில் உப்பு குறையுமாம். உப்பு குறைந்த இடத்துக்குள் நுழைந்தால் கப்பல் சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்குமாம். அதற்கேற்ப உள்ளே எடையைச் சரிசெய்யவேண்டுமாம். இத்தனை வருஷம் அவர் கீழேயும் நான் மேலேயும் உப்பை அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறோம். அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்தேன்.

அந்த வருஷம் டிசம்பர் வந்தது. எங்கள் ஊரில் டிசம்பர் என்றால் உப்பளத்துக்கு லீவு. மழைத்தண்ணீர் பாத்தி, வரப்பு எல்லாவற்றையும் மூழ்கடித்துக் கழுவெளி ஏரிவரைக்கும் ஒரே தகடாக நிற்கும். நாரைகள் வந்து நம் சொத்தில் உரிமையோடு உலாத்தும். ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "நாளைக்கு ஒரு படையல் போடணும்" என்றார்.

"யாருக்கு? உங்க அப்பாவுக்குப் போட்டாச்சே."

"கப்பல்காரங்களுக்கு."

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் எதிரி நாட்டு நீர்மூழ்கி ஒன்று நம் கிழக்குக் கடலுக்கு வந்து, விசாகப்பட்டினத்துக்கு வெளியிலேயே மூழ்கிப்போனது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இவர் வேலையில் சேர்ந்ததெல்லாம் அதற்கு ரொம்பப் பிந்தி. முதல்முறையாகக் கப்பலில் கிளம்பியபோது, துறைமுகத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த பெரியவர்களெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். சமையல்காரர்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். ஏன் என்று இவர் ஜாடையில் கேட்டதற்கு, பக்கத்தில் இருந்தவர் விரலால் கீழே காட்டினாராம். அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டதாம். அதன் பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் இவரும் பேச்சை நிறுத்தியிருக்கிறார்.

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. "நம்மள அடிக்க வந்தவங்கதானே?"

"ஆமா. அடிக்கத்தான் வந்தாங்க."

"அப்புறம் இன்னாத்துக்குப் படையல்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மேல நிக்கிறவனுக்கு அது எதிரிக் கப்பல். எனக்கு அதுக்குள்ள யாரு எங்க நின்னிருப்பான்னு தெரியும். பேட்டரி ரூம்ல ஒருத்தன் இருந்திருப்பான் இல்ல? அவன் என் வேலையத்தான் பாத்திருப்பான். என்ன மாதிரிதான் ஸ்க்ரூ கீழ விழாம புடிச்சிருப்பான். தண்ணி உள்ள வந்தப்ப எந்தக் கதவ முதல்ல மூட ஓடியிருப்பான்னுகூட எனக்குத் தெரியும். நம்மவங்க செத்தா மாலை போட ஆளு இருக்குது. இவங்களுக்கு இந்தக் கரையில யாரு இருக்கா?" என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "சரி, எத்தினி வாழ இலை வேணும்?" என்று கேட்டேன்.

படையல் உப்பளத்துக் கொட்டகையில் என்று முடிவானது. எங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் வைத்துப் படைப்போம். இவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று நான் யாரைக் கேட்பது? எதற்கும் இருக்கட்டும் என்று கருவாட்டுக் குழம்பு, வறுத்த மீன், அவித்த முட்டை எல்லாம் செய்து தூக்கிக்கொண்டு போனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கடலுக்குள்ள கெடக்கறவனுக்கு மீனா? டின்னுல அடச்சதையே தின்னு நாக்கு செத்துப்போனவனுக்குக் கருவாடா?"

"வேற இன்னா வைக்கறது, நீங்களே சொல்லுங்க."

"பச்சையா இருக்கறது எல்லாம்."

கப்பல் கிளம்பிச் சில நாளிலேயே பச்சைக் காய்கறி தீர்ந்துவிடுமாம். பிறகு உருளைக்கிழங்கு, வெங்காயம், டின். கரைக்குத் திரும்பினால் ஆளாளுக்குத் தக்காளியைக் கழுவக்கூடப் பொறுக்காமல் கடித்துத் தின்பார்களாம். கொத்தமல்லிக் கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பார்களாம். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிறதற்கு முன்னால் கொத்தமல்லியா என்று கேட்டேன், அதற்குள் மார்க்கெட்டுக்கு ஓடிவிட்டார். தக்காளி, வெள்ளரிக்காய், முள்ளங்கி, எலுமிச்சை, அரைக்கீரை, கொத்தமல்லி எல்லாம் வந்தது. இலையில் வைத்தோம். பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம் நிறைய நல்ல தண்ணீர் வைத்தோம். அந்தக் குடத்தை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை, அவரே விளிம்பு தளும்ப நிரப்பினார்.

காக்கா வரவேண்டுமே! வெள்ளரிக்காய்க்கு எந்தக் காக்கா வரும்? கூரைமேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. நான் மூடி வைத்திருந்த கருவாட்டுச் சட்டியைத் தட்டிவிட்டுத் துண்டைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பம்புக்கடை பாய் வந்தார்.

பாய் என் வீட்டுக்காரரோடு ஒண்ணாங்கிளாசிலிருந்து படித்தவர். துபாயில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு வந்து, மெயின் ரோட்டில் மோட்டார் பம்பு, பைப்பு, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி விற்கிற கடை வைத்திருக்கிறார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணா என்பேன். வந்தவர் இலையைப் பார்த்து, "இன்னாடா மச்சான், படையலா, காய்கறிக் கடையா?" என்றார்.

"கடல்ல செத்தவங்களுக்குடா. நீர்மூழ்கிக்காரங்க."

இவரோடு வேலை பார்த்து இறந்தவர்கள் யாரோ என்று பாய் நினைத்துக்கொண்டார். தொப்பி மாதிரி மழைக்குத் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றார். அப்புறம் படைத்த தக்காளியில் ஒன்றை எடுத்து அங்கேயே கடித்துத் தின்றார். அதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காக்கா வராவிட்டால் என்ன, பாய் வந்தாரே என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் அது எங்கள் மூவருக்கும் ஒரு திருவிழா ஆகிவிட்டது. எங்கள் உப்பளத்துப் பெண்களுக்கு மேஸ்திரியாக இருப்பவள் ஒருத்தி. வாய் என்றால் அப்படி ஒரு வாய், அவள் காதில் காலையில் போட்ட சேதி சாயங்காலம் புதுச்சேரி பஸ்ஸில் போகும். "நேவிக்காரரு வூட்ல காய்கறிப் பூசை" என்று ஊருக்கெல்லாம் சொன்னது அவள்தான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மிலிட்டரி, நேவியில் இருந்துவந்த ஆட்களுக்கு எங்கள் ஊரில் ஒரு சலுகை உண்டு, கொஞ்சம் கிறுக்காக இருக்கலாம்.

இப்படிச் சில வருஷம் போன பிறகு ஒரு டிசம்பரில்தான் விஷயம் கோணலானது. படையலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் பாய் கடைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன், வீட்டு மோட்டாருக்கு ஏதோ வாங்க. கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் யாருக்குப் படைக்கிறோம் என்று முழுக் கதையையும் முதல்முறையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "அவங்க பெரும்பாலும் உங்க மார்க்கத்து ஆளுங்கடா. நான் வருஷா வருஷம் இலையப் போட்டு, தக்காளிய வச்சு, காக்காவக் கூப்டுட்டிருக்கேன். அவங்களுக்கு இது ஒண்ணும் புரியாது. பள்ளிவாசல் ஹஜ்ரத் கிட்ட சொல்லி ஒரு பாத்திஹா ஓதச் சொல்லு. அவங்க பாஷையில அவங்களுக்கு ஒரு வார்த்த போவட்டும்" என்றார்.

பாய் கையில் இருந்த பைப்பை மெதுவாக ஓரமாக வைத்தார். கடைக்கு வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் இத்தினி வருசமா என்னக் கூப்ட்டியா?"

"ஏன்டா, அதுல இன்னா?"

"அதுல இன்னாவா? நீ செஞ்சா பெரிய மனசு. நான் செஞ்சா அந்த நாட்டுக்காரனுக்குப் பாத்திஹா ஓதனவன். யாருக்கு ஓதுனேன்னு ஒருத்தன் கேட்டா நான் இன்னாடா சொல்றது?"

"செத்தவங்களுக்குன்னு சொல்லு."

"நீ சொல்லுவே. உனக்குப் பென்ஷன் இருக்குது, மெடல் இருக்குது. எனக்கு மெயின் ரோட்ல கடை இருக்குது."

இவருக்கும் கோபம் வந்துவிட்டது. "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருக்கக்கூடாது. பாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைப்பை அடுக்க ஆரம்பித்தார். அந்த டிசம்பரில் படையலுக்கு அவர் வரவில்லை. இலையில் தக்காளி அப்படியே கிடந்தது, என் வீட்டுக்காரர் குடத்துத் தண்ணீரைக் கடல் பக்கமாகப் பார்த்து ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

இரண்டு கிழவர்கள் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய தொந்தரவு என்பது அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். டீக்கடையில் ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியே நின்று குடிப்பார். எங்கள் மோட்டாருக்கு ஒரு சின்ன வாஷர் வேண்டுமென்றால்கூட இவர் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போனார். நடந்தால் பத்தடியில் பாய் கடை. "தண்ணிக்குள்ள அவ்ளோ நாள் இருந்தீங்களே, கோவம் மட்டும் தணியலியா?" என்று கேட்டேன்.

நானும் பாயின் மனைவியும் இந்தக் கூத்தில் சேரவில்லை. அவள் என்னை அக்கா என்பாள். நோன்புக் கஞ்சி எனக்கு வரும், என் உப்பு அவள் வீட்டுக்குப் போகும். ஒருநாள் கஞ்சித் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு மனசு இல்லன்னு நெனச்சுக்காதீங்கக்கா. புள்ளக்கி பாஸ்போர்ட் மாத்தணும். விசாரிக்க ஸ்டேஷன்ல இருந்து வருவாங்க. அந்த நேரத்துல யாராவது ஒண்ணு சொல்லிட்டாங்கன்னா அவன் துபாய்ல இருந்து வேல போயி வந்து நிக்கணும். அதத்தான் இவரு நெனச்சாரு. வெளிய சொல்ல மாட்டாரு."

அவள் சொன்னதை அப்படியே இவரிடம் சொன்னேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, நேராகப் பாய் கடைக்குப் போனார். மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாகி வருவார் என்று நானும் டீ போட்டு வைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு குழாய் இருந்தது. பித்தளைக் குழாய், தொட்டிக்கு மாட்டுவது.

"இது இன்னாத்துக்கு?"

"கடையில வேற ஆளுங்க இருந்தாங்க. சும்மா எப்டி நிக்கறது? ஒரு கொழா குடுன்னேன்."

மறுநாளும் போனார், இன்னொரு குழாயோடு வந்தார். அதற்கடுத்த வாரமும் ஒன்று. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் என் வீட்டு அலமாரியை இந்த மனுஷன் குழாயால் நிரப்பிக்கொண்டிருந்தார். பாயும் சளைத்தவர் இல்லை. எதற்கு இத்தனை குழாய் என்று ஒருதரம்கூடக் கேட்காமல் ஒவ்வொன்றையும் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், இரண்டு பேரையும் நாலு சாத்துச் சாத்தலாமா என்கிற ஆத்திரம் ஒரு பக்கம். இது இப்படியே போனால் அடுத்த டிசம்பருக்கு இவர் படையலே வேண்டாம் என்று விட்டுவிடுவார் என்று எனக்குப் பயமாகவும் இருந்தது. அந்தப் பேட்டரி ரூம் ஆளைப் பற்றி அவர் பேசுவதே நின்றுபோயிருந்தது.

பங்குனி பிறந்து உப்பு மும்முரமாக விளைய ஆரம்பித்தது. வெயிலும் அப்படி. உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வராது, கீழே உப்பிலிருந்தும் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டில் தண்ணீர் பத்து மணிக்கே கொதித்துவிடும். சுற்றிலும் கண்ணுக்கு எட்டினவரைக்கும் தண்ணீர், வாயில் வைக்க ஒரு மிடறு கிடையாது. தொட்டி ஒன்று வைக்கவேண்டும் என்று நானும் ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் காலையில் உப்பளத்துக்குப் போகும் மண்ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ வந்தது. மேலே பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. டிரைவர் பக்கத்தில் பாய். பின்னால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி, காலடியில் செங்கல் மூட்டை வேறு.

"எங்க எறக்கறது தங்கச்சி?"

"நான் ஆர்டரே குடுக்கலியே அண்ணா."

"நான் குடுத்தேன். எடத்தக் காட்டு."

கொட்டகைக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கித் தொட்டியைத் தூக்கி வைத்தார்கள். நான் பாய் மனைவியைத் தனியே இழுத்துக்கொண்டு போய் என்ன விஷயம் என்று கேட்டேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எங்கள்ல மவுத்தானவங்களுக்காகத் தண்ணி தானம் பண்ணா அதுக்கு மேல ஒண்ணும் இல்லக்கா. குடிக்கறவங்க வாயி குளுந்தா அது அவங்களுக்குப் போயிச் சேரும்."

"யாருக்காகன்னு சொன்னாரா?"

"சொல்லல. நிய்யத்து, அந்த நெனப்பு, மனசுல இருந்தாப் போதும். அல்லாக்குத் தெரியும் இல்ல?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு, "புள்ளக்கி பாஸ்போர்ட் இன்னும் வரலக்கா. கேட்டேன். வர்றப்ப வரட்டும்ன்ட்டாரு" என்றாள்.

நான் இவருக்குப் போன் போட்டேன். என்ன ஏது என்று சொல்லவில்லை. தொட்டி வந்திருக்கிறது, குழாய்தான் இல்லை என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒரு மஞ்சப்பை குலுங்க வந்து சேர்ந்தார். பையைத் தரையில் கவிழ்த்தார். பித்தளைக் குழாய்களெல்லாம் உருண்டு ஓடின. பாய் அவற்றைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இத்தினியுமாடா வாங்குன?"

"நீதானேடா குடுத்தே."

"கேட்டே, குடுத்தேன். பைத்தியக்காரா."

"தப்புடா மச்சான். அன்னிக்கு அப்டிச் சொல்லியிருக்கக்கூடாது."

"ஸ்பேனர எடு" என்றார் பாய்.

அவ்வளவுதான் சமாதானம். இரண்டு பேரும் தரையில் குந்திக் குழாய் மாட்டினார்கள். டிராக்டரில் நல்ல தண்ணீர் வந்து தொட்டி நிறைய ஆரம்பித்தது. நிரம்பியதும் பாய் கை கால் முகம் கழுவிக்கொண்டு, கைக்குட்டையைத் தலையில் கட்டி, தொட்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் ஏந்தி நின்றார். உதடு மட்டும் அசைந்தது, சத்தமே வரவில்லை. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் டிராக்டர் மோட்டாரை அணைத்தார். என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்தைக் கப்பல் தாண்டும்போது இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கக்கூட இல்லை.

சத்தம் நின்றதும் பாத்தியில் இருந்த மேஸ்திரிக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் இந்த உப்பளத்தில் ஒன்று நடக்குமா? வாருபலகையை வரப்பில் சாத்திவிட்டு நேராக வந்தாள். பாய் கையை முகத்தில் தடவிக்கொண்டு திரும்பவும் அவள் எதிரே வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"தண்ணித் தொட்டியா? அம்மாடி, நல்லா இருப்பீங்க!" என்று ஒரு டம்ளர் பிடித்தாள். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பாய் தலையில் இருந்த கைக்குட்டையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு நெனப்பா வச்சிருக்கீங்க பாய்?"

அந்தக் கேள்வியால்தான் இவ்வளவு நாள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் ஊருக்கே ரேடியோவாக இருக்கிறவள் வாயிலிருந்து அது வந்து நிற்கிறது. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாய் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"கடல்ல செத்துப்போனவங்கம்மா. தண்ணிக்குள்ள போற கப்பல்ல இருந்தவங்க. தோ, இவன் பாத்தானே, அதே வேல."

"அய்யோ பாவமே. நம்ம ஆளுங்களா?"

பாய் இவரைப் பார்த்தார். இவர் நிமிர்ந்து நின்றார், ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"என் ஆளுங்கம்மா" என்றார்.

அவள் டம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பாத்திகளில் நின்றிருந்த பெண்களைப் பார்த்துக் கழுவெளிவரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அடியே, எல்லாரும் வாங்கடி! நேவிக்காரரு ஆளுங்க நமக்குத் தண்ணி வச்சிருக்காங்க!"

பெண்கள் பலகைகளைப் போட்டுவிட்டு வரப்பில் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரரும் பாயும் ஆளுக்கொரு குழாயைத் திறந்து டம்ளர் டம்ளராகப் பிடித்துக் கொடுத்தார்கள். தண்ணீர் கீழே சிந்திக்கொண்டே இருந்தது, அன்றைக்கு மட்டும் அவர் குழாயை மூடவே இல்லை.